கஞ்சியில் கெட்ட மருந்து

சிவப்புச் சாயம் உரிந்த அந்த லாடக் காந்தத்தைச் சித்தப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டே அலைவார். அலைவார் என்றால் அலைவார்தான்; காஜா பெராங்கில் இருந்த அவர் வீட்டில் அந்த மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சித்தியின் மார்பில் கட்டி. அறுத்தும் திரும்ப வந்துவிட்டது. மருந்து உடம்பையெல்லாம் வாட்டியதே தவிர, கட்டியைத் தொடவில்லை.

ஊரே மெர்டேக்கா, சுதந்திரம் என்று கொடி கட்டிக்கொண்டிருந்த காலம். கிளினிக்கில் மருந்து கலக்கும் வேலை அவருக்கு. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்து அமோனியா ஊற்றுவார். கறுப்புப் பொடி இறங்கும், காந்தத்தைக் கண்டால் பாய்ந்து வரும். அந்தப் பொடியில் மருந்தை ஏற்றி ஊசி போட்டு, கட்டிக்குப் பக்கத்தில் காந்தத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். இதே பித்து, இரவும் பகலும். ஆனால் கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டால் பொடி திரண்டு அடைத்துக்கொள்ளும்.

“பரவால்லங்க, போட்டுப் பாருங்க. சும்மா இருந்தாலும் சாகத்தானே போறேன்?” என்பாள் சித்தி.

“வாய மூடு! ரத்தக்குழாய்ல அடைச்சா அங்கயே முடிஞ்சிரும்” என்று கத்துவார்.

ஒருநாள் அவருக்கு உதவுவதாக நினைத்துச் சித்தி பொடியைக் கழுவிவைத்தாள். சட்டியில் இருந்தது தண்ணீர் அல்ல, வடித்த கஞ்சி. அந்தப் பொடி அடியில் இறங்கவேயில்லை; பால் விடாத கோப்பி-ஓ மாதிரி அப்படியே கலந்து நின்றது. காந்தத்தைக் காட்டினார். எதுவும் பாயவில்லை, ஒரு பக்கம் மெல்லக் கறுத்தது, அவ்வளவுதான்.

“கெடுத்துட்டியேடி!” என்று கால்வாயில் கொட்டினார். குழாயில் விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“தப்புதாங்க. இனிமே தொடமாட்டேன்” என்றாள் சித்தி. அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

போன மாதம், இந்த வயதில், எனக்கும் ஒரு கட்டி. அது எங்கே பரவியிருக்கிறது என்று காந்தக் கருவியால் தேட, பழுப்பு நீர் ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். “இரும்புத் தூள்தான் ஆன்ட்டி. திரளாம இருக்க மேல மாவுச்சத்து மாதிரி ஒரு பூச்சு” என்றாள் தாதி.

“கஞ்சியா?”

“அப்படியே வச்சுக்கோங்கலா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சித்தி பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. சரியாகச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா விட்டுப்போன அந்தக் காந்தத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். எறியவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. கையில் பிடித்துக்கொண்டு அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.