கருந்தேளின் முகமூடி

மல்யுத்த மேடையில் வில்லனுக்குச் சம்பளமே தோற்பதற்குத்தான். அதுவும் பார்க்கிறவர்கள் வயிறெரிந்து திட்டும்படி தோற்க வேண்டும். வார நாளுக்கு ஒரு முகம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முகம் என்று பிழைக்கிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும். ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். லீவு நாளில் கறுப்பு முகமூடி போட்டால் கருந்தேள். இரண்டும் ஒரே ஆள் என்பது எங்கள் மல்யுத்தக் குழுவுக்கு மட்டுமே தெரியும். ஜனங்கள் முன்னால் முகமூடி கழன்றால் அதோடு அந்த வில்லன் காலி, அது எங்கள் வழக்கம்.

கோத்தகிரியில் கிடைக்காத டீ

எங்கள் கதாநாயகன் குமார். கோத்தகிரி ஆட்டத்தில் ஒரு நாள் அவனை நாற்காலியால் சாத்தியிருந்தேன். சத்தம்தான் பெரிது, முதுகுச் சதையில் தட்டையாக விழும்படி மாதக்கணக்கில் பழகிய அடி. ஆட்டம் முடிந்து முகமூடியோடே டீக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பக்கத்து ஆளுக்கு டீயை நீட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் டீ இல்லீங்க. அந்தப் பையனப் பெத்தவ இதப் பாத்திருந்தா என்னாயிருப்பா?"

ஈர மேடை

போன வருடம் எங்கள் எஸ்டேட் திருவிழாவிலேயே ஒரு மத்தியானம் ஆட்டம். மழையில் மேடை விரிப்பு ஊறிக் கிடந்தது. குமாரைத் தலைக்கு மேல் தூக்கினேன், என் கால் வழுக்கிவிட்டது. முதுகால் விழ வேண்டியவன் கழுத்து மடங்கி விழுந்தான். தூக்கிப் போட்டவன் யாருக்கும் தெரியாமல் விழுந்தவன் கையைப் பிடிக்க வேண்டும். அவன் ஒரு அமுக்கு அமுக்கினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். பிடித்தேன். அமுக்கவில்லை. மறுபடி பிடித்தேன். கை துணி மாதிரி கிடந்தது.

"ஜீப்பக் கொண்டாங்க, கழுத்துல அடி" என்று கத்தினேன். இதுவும் கருந்தேளின் தந்திரம் என்று கூட்டம் விசிலடித்தது. அவ்வளவு நன்றாக நடித்துத் தொலைத்திருக்கிறேன் இத்தனை நாளும். போதாக்குறைக்கு, என்னிடமிருந்து குமாரைக் காப்பாற்ற நாலு பேர் மேடையேறி அவன் தோளைப் பிடித்துத் தூக்கப் போனார்கள். கழுத்து ஒரு அங்குலம் அசைந்தாலும் அவன் ஆயுசுக்கும் படுக்கைதான். கருந்தேள் சொன்னால் எவன் கேட்பான்? முகமூடியைப் பிய்த்து எறிந்தேன். நாலு பேரும் அப்படியே நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், நம்ம கம்பவுண்டர்டா. அவரு சொல்றபடி செய்ங்க."

மூன்றாம் நாள்

கதவுப் பலகையில் கிடத்தி, தலையை நான் பிடித்துக்கொள்ள, கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறியவில்லை, நரம்பு அதிர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் விரல் அசைந்தது. வராந்தாவுக்குப் போய் வெட்கமில்லாமல் அழுதேன். திரும்பி வந்து, வழுக்கினது என் கால்தானே, மன்னிச்சிருப்பா என்றேன். அவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அமுக்குனேனுங்கண்ணா. வெரல்தான் கேக்கல."

ஊசி

குமார் இப்போது நடக்கிறான், ஆனால் மேடை ஏறக் கூடாது. நானும் ஏறுவதில்லை. முகமூடி கழன்ற அடுத்த வாரம் மருந்தகத்தில் வரிசை ரோடு வரை நின்றது. பாதிப் பேருக்கு ஒரு நோயும் இல்லை, என்னைப் பார்க்க வந்தவர்கள். கொழுந்து பறிக்கும் செல்லம்மா நிஜக் காய்ச்சலோடு வந்திருந்தார். ஊசியைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். வழக்கம்போல "வலிக்காது" என்றேன்.

"அது கம்பவுண்டர் சொல்றதா, தேளு சொல்றதாங்கய்யா?"

அன்றிலிருந்து "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துகிறேன். கருந்தேளாக இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே வைத்தியம் அதுதான்.