கூப்பிட்டால் திரும்பாத அக்கா

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் மீது எனக்குப் பொறாமை வந்தது. குத்தகை நிலத்தைவிட்டு எங்களை வெளியேற்றக் கூடாதென்று ஊர்வலம் போனோம். அவன் தோளிலும் என் தோளிலும் இரண்டு வயதுக் குழந்தைகள். அவன் மகன் கையை நீட்டி, "அப்பா, கொடி!" என்று அப்பனின் முகம் பார்த்துச் சிரித்தான். உங்கள் அக்காவை எத்தனையோ முறை கூப்பிட்டேன். அவள் தன் விரல்களையே ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சான், ஒம் பொண்ணு மிராசுதாரா? நாம கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா!" என்றான் அவன்.

எல்லோரோடும் நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. காது கேட்கவில்லையோ என்று பயந்து நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் வரப்பில் நத்தை ஓடுகளை வரிசையாக அடுக்கி, குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவள், தூரத்தில் மதகுப் பலகையைத் தூக்கும் சத்தம் கேட்டதும் வாய்க்காலுக்கு ஓடினாள். காது நன்றாகவே கேட்டிருக்கிறது. என் குரலுக்குத் திரும்பாதவள் தண்ணீருக்கு ஓடுகிறாளே என்று அந்தத் தண்ணீர் மீதும் பொறாமை வந்தது. இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்பதைத் தஞ்சாவூர் டாக்டர் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

அவள் வாய்க்காலுக்கு ஓடிய அன்றே அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வயலுக்குத் திரும்பினேன். வரப்பில் குப்புறப் படுத்து, அவளைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஓடுகளின் வரிசையைப் பார்த்தேன்.