கொல்லிமலை வெந்நீர்

புத்தகம் படித்துக் கெட்டுப் போனவர்கள் பல பேர் உண்டு. புத்தகம் படித்துத் தன் தங்கையின் காலைக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொல்லிமலையில் வெந்நீர் ஊற்று இருக்கிறதென்று நம்பி, ஒரு மார்கழியில் குடும்பத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய், எழுந்து நிற்கவே தடுமாறுகிறவளைத் தண்ணீருக்குள் உட்கார வைத்தேன். என் பி.ஏ. பட்டத்தில் பௌதிகமும் ஒரு பாடம். வெந்நீர் எது, பச்சைத் தண்ணீர் எது என்று தெரிந்தவனுக்குத்தான் பட்டம் கொடுத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது இது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் தம்பிக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுமுன் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. கூறைச் சேலையின் ஒரு முனையை மணமகன் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய கூடப்பிறந்தவள் பக்கத்தில் நிற்பாள். பேழைமூடி என்கிற மூங்கில் மூடியையும் நீர்ச்செம்பையும் ஏந்திச் சபை நடுவே நடந்து வருவாள். பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு நாலு பேர் அறியக் கிடைக்கிற மரியாதை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஆண்பிள்ளைகள் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டோம்.

எனக்குத் தங்கை, தம்பிக்கு அக்காள் என்று எங்களுக்கு இருந்தது ஒரே பெண். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி இறுகிவிட்டன. ஒரு கையில் மூங்கில் தடி, மறு கையில் சுவர் என்று வீட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தாள்.

அம்மா அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நிக்க முடியாதவளச் சபையில நிறுத்துனா ஊரே சிரிக்கும் சாமி. பெரியப்பன் ஊட்டுப் புள்ளையச் சொல்லிரலாம். அவளுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது."

"கூடப் பொறந்தது அவளா, நானா?" என்றாள் தங்கை.

"பொறந்தவ நீதான். ஆரு இல்லைன்னது? தை பொறக்கறதுக்குள்ள தடியில்லாம இந்த வாசல்ல பத்தடி நடந்து காட்டு. பேழைமூடிய நானே உன்ற கையில குடுக்கறேன்."

தங்கை வாசலைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் நான் போய் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

யாரோ ஒரு துரை எழுதிய யாத்திரைப் புத்தகம் அது. சீமைக்கு அப்பாலுள்ள மலைகளில் பனி கொட்டுகிற மாதத்தில் வெந்நீர்க் குளங்கள் புகைந்துகொண்டிருக்குமாம். குடும்பம் குடும்பமாகப் போய்க் கழுத்தளவு அமிழ்ந்து கிடப்பார்களாம். முடவர்கள் ஊன்றுகோலை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வீடு திரும்புவார்களாம். கோல்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும் படமும் போட்டிருந்தது. போதாததற்கு, சந்தைக்குத் தேனும் வாழைப்பழமும் கொண்டுவரும் கொல்லிமலைக்காரன் ஒருவன் முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தான்: "எங்க சுனை மார்கழி விடியக்காலம் பொகையுமுங்க. கைய வெச்சா கதகதன்னு இருக்கும்." புத்தகமும் மலைக்காரனும் ஒரே விஷயத்தைச் சொன்ன பிறகு சந்தேகப்படுவது படித்தவனுக்கு அழகா?

என் மனைவி அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் எழுத எனக்கு இந்த விஷயம் கிடைத்திருக்காது.

"நெசமாலுமாங்ணா?" என்று தங்கை நாலு முறை கேட்டாள். நாலு முறையும் நான் படத்தைக் காட்டினேன். "அப்ப என்ற தடியும் அங்கியே உட்டுப்போட்டு வாரேன்" என்று சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு பகல் முழுவதும் மாட்டு வண்டி, அடிவாரத்திலிருந்து டோலி. தங்கையை நாலு மலைக்காரர்கள் தூக்கினார்கள். பின்னால் நானும் அவள் புருஷனும் நடந்தோம். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவர். ஏறுகிற வழியெல்லாம் ஒரே கேள்விதான்: "ஏனுங் மச்சான், வெந்நீரு எறங்கி வர்ற மலையில நமக்கு மட்டும் எதுக்குங் இப்பிடிக் குளுருது?" நான் பூமியின் உட்கனலைப் பற்றி அவருக்கு விளக்கினேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

தேன்காரன் குடிசையில் தங்கினோம். மறுநாள் விடியலில் அவன் சுனைக்கு அழைத்துப் போனான். பாறைகளுக்கு நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குக் குளம். அதன்மேல் வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. புத்தகத்துப் படமேதான். கையை வைத்தேன், கதகதவென்றுதான் இருந்தது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு வெற்றிப் பார்வை நான் அதற்குப் பிறகு யாரையும் பார்த்ததில்லை; அதற்குக் காரணமும் கிடைத்ததில்லை.

தங்கையை இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தோம். அரைமணி நேரம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. நான் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சுடலைங்ணா" என்றாள்.

"ஆரம்பத்தில் அப்படித்தான். சூடு உள்ளே இறங்குகிறது."

"நடுங்குதுங்ணா."

"நோய் வெளியே வருகிறது."

மாப்பிள்ளை பாறைமேல் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். "வெந்துதுன்னா சொல்லுங் மச்சான். உப்புப் போட்டு எறக்கிரலாம்" என்றார். தங்கையும் சிரிக்கப் பார்த்தாள். பல் கிட்டிக்கொண்டதால் முடியவில்லை. அரைமணிக்கு ஒரு நிமிஷம் முன்னால்கூட நான் அவளை எழுப்பவில்லை.

மறுநாளும் அப்படியே. அன்று நடுப்பகலில் சாப்பிட்ட கையைக் கழுவச் சுனைக்குப் போனேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கையை விட்டவன் வெடுக்கென்று எடுத்தேன். பச்சைத் தண்ணீர். குடிக்கத் தகுந்த, சுத்தமான, குளிர்ந்த தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் ராத்திரியும் பகலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. விடியலில் காற்று அதைவிடக் குளிர்ந்து கிடப்பதால் தண்ணீர் கதகதக்கிறது, புகைகிறது. கல்லூரியில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் படித்திருக்கிறேன். அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

தேன்காரனைப் பிடித்தேன். "வெந்நீர் என்றாயே?"

"நான் எங்கீங்க வெந்நீருன்னேன்? கதகதன்னு இருக்கும்னேன். இருந்துதுங்களே."

"அவள் கால் சரியாகும் என்று நினைத்துத்தானே..."

"நாங்க உழுந்து எந்திரிச்சு ஓடியாந்துருவோமுங்க. அத்தனை நேரம் ஆரு அதுல உக்காருவா? படிச்சவங்க வைத்தியம், ஏதோ இருக்கும்னு இருந்துட்டனுங்க."

இவ்வளவு தூரம் மூடத்தனம் என்று சொல்லிவிடலாம். இனிச் சொல்லப்போவதற்கு வேறு பெயர். அன்று மாலையே மலையிறங்கியிருக்க வேண்டும். குடிசைக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை வெற்றிலை போட்டுக்கொண்டே, "நாளைக்கு எந்தப் பக்கம் வேகப்போடறீங்க மச்சான்?" என்று கேட்டார். தங்கை கால்களை நீட்டி, முழங்காலைத் தானே அமுக்கிக்கொண்டு, "கொஞ்சம் மடங்கற மாதிரி இருக்குதுங்ணா. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் சேத்தியே உக்காந்துக்கறேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முக்கால் மணி உட்காரலாம்" என்றேன்.

மூன்றாம் விடியலில், அது பச்சைத் தண்ணீர் என்று தெரிந்தே, முக்கால் மணி நேரம் அவளை உட்கார வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க அது உதவியாக இருந்தது. அன்று அவள் ஒருமுறைகூடச் சுடவில்லை என்று சொல்லவில்லை. தூக்கும்போது கால்கள் மடங்கிய நிலையிலேயே வந்தன. உதடு நாவற்பழம் தின்றவளுடையதுபோல் இருந்தது.

அன்றே இறங்கினோம். மாப்பிள்ளை தன் கம்பளியையும் அவள்மேல் போர்த்திவிட்டு, வழி நெடுக டோலியை ஒட்டியே நடந்தார். அவருடைய பேச்சைவிட அது மோசமாக இருந்தது. வீட்டை நெருங்கும்போதுதான் மூங்கில் தடியைச் சுனைக்கரையிலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. அதை ஊன்ற வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படாததால் யாரும் தேடவில்லை. துரை எழுதியது அந்த ஒரு விஷயத்தில் பலித்தது.

அம்மா வாசலில் நின்றாள். தங்கை, "எறக்கி உடுங்க, நடக்கறேன்" என்றாள். வேண்டாம் என்றோம்; கேட்கவில்லை. மாப்பிள்ளை இறக்கி நிறுத்திக் கையை எடுத்தார். ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு நிலம் கிடைக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்தே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்துன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

தையில் கல்யாணம் நடந்தது. பெரியப்பா மகள் கூறைச் சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேழைமூடியையும் நீர்ச்செம்பையும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், அழகாக நடந்தாள். பந்தல் காலில் சாய்த்துத் தங்கையைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் சபையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நம்ம தோட்டத்துக் கெணத்துலயும் விடியக்காலம் அதே மாதிரித்தான் பொகையுதுங்ணா. போய்ப் பாருங்க. பக்கந்தான், நீங்க நடந்தே போயிரலாம்."