மௌத்து வீட்டு ஜெக்கட்

நபீல் என்ற பேரை ருக்கியா முதன்முதலில் கேட்டது தன்னுடைய கலியாணப் பேச்சு நடந்த அன்றைக்கு. அக்குறணை வீட்டு அடுப்படியில் பெண்கள் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மடவளை மாப்பிள்ளை பாரூக்கைப் பற்றி எல்லோரும் நல்லதே சொன்னார்கள். தேயிலைத் தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய்ப் புடவை விற்கிறவர், தொழுகை விடாதவர், அதிர்ந்து பேசாதவர். அப்போது ருக்கியாவின் உம்மாவுக்குச் சாச்சி முறையான ஒரு மனுசி, மடவளையிலேயே வாழ்க்கைப்பட்டவள், வாயைத் திறந்தாள்.

"மாப்பிள தங்கம் தான். தம்பி ஒண்டு ஈக்கிறான், நபீல் எண்டு. அவன்ட கண்ணுல பட்ட சாமான் அடுத்த நாள் அவன்ட கைல ஈக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ருக்கியா அந்தப் பேரை மனசில் குறித்துக்கொண்டாள்.

கலியாணம் முடிந்த வருசமே அதைக் கண்ணால் கண்டாள். மாமனார் மௌத்தாகிக் கண்ணை மூடினார். அவரும் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்காரர். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடியவில்லை, அவருடைய மழைக் கோட்டும் முழங்கால் வரை வரும் தோல் சப்பாத்தும் வீட்டில் இல்லை. நபீல் விற்றுவிட்டு வந்து சோறு கேட்டான். அப்போது அவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

"வாப்பாட கோட்டு எங்க?" என்று ருக்கியா கேட்டாள்.

"கபுருக்குள்ள மழ பெய்யுமா மதினி?" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்கு அவனைப் பிடிக்காது. அவனுக்கும் அவளைப் பிடிக்காது. பெருநாளைக்கு வந்தால் அவள் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போவான். இடையில் அவனுடைய நானா, அண்ணன் பாரூக், நின்றபடியால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காலத்தைத் தள்ளினார்கள்.

நபீல் கையில் எடுத்த தொழில்களெல்லாம் முறிந்து, கடைசியில் ஒன்று நிலைத்தது. கண்டி டவுனில், கொழும்பு வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு துண்டுக் கடை. அதில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களின் பழைய உடுப்புகள்: தடித்த தோல் ஜெக்கட், மெழுகு பூசிய கித்தான் கோட்டு, முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த களிசான், கையுறை. இப்போது கடையில் வாங்கும் ரெக்ஸின் ஜெக்கட் இரண்டு மழைக்கு உரிந்துபோகும். பழையது அப்படியில்லை. பெரிய பைக்கில் மலைக்கு ஏறும் பொடியன்மார் அதைத் தேடி வருவார்கள். "ரோட்டுல விழுந்தா ஒங்கட தோல் தான் போகும். இந்தத் தோல் போகாது" என்று சொல்லி நபீல் மாட்டிவிடுவான்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. நம் சனங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மௌத்தானவரின் உடுப்பை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம், ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுவோம். நபீல் அந்த வழக்கத்துக்குள் கையை விட்டான். எந்த வீட்டில் ஜனாஸா என்றாலும் முதல் ஆளாக நிற்பான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவான், கபுரில் மண் போடுவான், கிழமை கழித்துப் பையோடு வருவான். "நீங்க ஏன் கஷ்டப்படுற? தாங்க, நான் ஏழைங்களுக்குச் சேத்துடுறேன்" என்பான். சாரனையும் ஷர்ட்டையும் உண்மையாகவே கொண்டுபோய்க் கொடுப்பான். ஜெக்கட் மட்டும் கடைக்குப் போகும். பள்ளிவாசலில் அவனுக்கு நல்ல பேர்.

பாரூக்கின் ஜெக்கட் மேல் அவனுக்கு நாற்பது வருசத்துக்கு மேலாகக் கண். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, ஹுன்னஸ்கிரியவில் வைத்துப் பாரூக்குக்குப் போட்டுவிட்ட ஜெக்கட் அது. கறுப்பாக இருந்து கபில நிறமாகியிருந்தது. பித்தளை ஸிப் ஒருநாளும் சிக்கியதில்லை. பாரூக் எத்தனையோ தடவை வழுக்கி விழுந்தார். அதில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி.

கடைசி நாட்களில், பேராதனை ஆஸ்பத்திரிக் கட்டிலில், பாரூக் ருக்கியாவின் கையைப் பிடித்துச் சொன்னார்:

"என்ட ஜெக்கட்ட யுகேஷுக்குக் குடு. அந்தக் குளிர்ல அவன் வெறும் ஷர்ட்டோட வாரான்."

யுகேஷ் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஆள். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியமுன் மலையிலிருந்து ஓட்டை பைக்கில் இறங்குவான். அவனுடைய அப்பா காலத்திலிருந்து பாரூக்கிடம் புடவை எடுத்த குடும்பம். பாரூக்குக்கு நெஞ்சுவலி வந்த அன்று நடுவழியிலிருந்து தூக்கி வந்தவனும் அவன்தான்.

பாரூக் மௌத்தானார். ருக்கியா வெள்ளை உடுத்து இத்தா அறைக்குள் இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. கணவனின் தம்பியும் அந்நிய ஆண்தான். அது நபீலுக்கு வசதியாகப் போயிற்று. அவள் காய்ச்சலில் கண்ணயர்ந்திருந்த ஒரு பகலில் வந்து, அவளுடைய மகள் நதாவிடம் பையை நீட்டினான். நதாவுக்கு வாப்பா கடைசியாகச் சொல்லிவைத்த வஸிய்யத்து தெரியாது. அலுமாரியில் இருந்ததையெல்லாம் அழுதுகொண்டே அள்ளிப் போட்டாள்.

ருக்கியா எழும்பி வந்து அலுமாரியைத் திறந்தபோது வெறும் கொழுக்கிதான் ஆடியது. உடனே போன் எடுத்தாள்.

"தம்பி, ஜெக்கட்டக் கொண்டு வாங்க. அது ஒங்கட நானாட வஸிய்யத்து. யுகேஷுக்குப் போற சாமான்."

"அது ஸதகாவாப் போய்ட்டு மதினி. குடுத்தத திருப்பிக் கேக்குறது எவ்வளவு பாவம் தெரியுமா? இத்தால ஈக்கிறீங்க, தஸ்பீஹ ஓதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டாம் நாள் நதா முகமெல்லாம் சிவந்து போனைக் கொண்டுவந்து காட்டினாள். நபீலின் கடைச் சுவரில் பாரூக்கின் ஜெக்கட் தொங்கியது. கீழே, துரைமார் காலத்து அசல் சரக்கு என்று எழுதி விளம்பரம். ருக்கியா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பதாம் கத்தத்துக்குக் காத்திருந்தாள்.

அன்றைக்கு ஹோல் நிறைய ஆண்கள். பள்ளிவாசல் தலைவர் மஹ்ரூப் ஹாஜியார் நடுவில், பக்கத்தில் தொப்பியோடு நபீல். கதவு ஓரத்தில் யுகேஷும் வந்து உட்கார்ந்திருந்தான். துஆ முடிந்து, கூடிச் சாப்பிடும் சோற்றுச் சஹன்களை வைக்கிற நேரம், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இத்தாவிலிருக்கும் பெண் சபையில் குரல் உயர்த்தியதை மடவளை அதுவரை கேட்டதில்லை.

"நபீல் தம்பி, ஒங்கட நானாட உடுப்பெல்லாம் குடுத்தாச்சா?"

நபீல் சோற்றைப் பார்த்தபடி, "எல்லாம் சேந்துட்டு மதினி" என்றான்.

"ஜெக்கட்?"

"அதும் தான். ஒரு ஏழைக்கு."

"அந்த ஏழைட பேரச் செல்லுங்க. நாங்களும் துஆ செய்வோம்."

யாரோ இருமினார்கள். திரையின் ஓரத்தால் வெள்ளைத் துணி போர்த்திய கை ஒன்று போனை நீட்டியது. ஹாஜியார் வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாரூக்கின் ஜெக்கட்டைத் தாண்டி இன்னொரு படத்தில் அவர் விரல் நின்றது.

"இது எங்கட வாப்பாட கோட்டு" என்றார். "கழுத்துல புலிப் பொத்தான். மதரஸாப் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன் எண்டு தானே நீ சென்ன?"

"ஹாஜியார், அது வேற..."

"எங்க, தாங்க பாப்பம். அல்லாஹ்வே, எங்கட பெரிய மாமாட களிசான்!" என்றார் பக்கத்துச் சஹனில் இருந்தவர்.

போன் சஹனுக்குச் சஹன் போனது. சோறு ஆறியது. ஒருவர் தன் மூத்தாப்பாவின் கையுறையைக் கண்டார். இன்னொருவர் மச்சானின் ஜெக்கட்டைக் கண்டார்.

"ஜனாஸாவுக்கு முந்தி வாரது இதுக்குத் தானாடா? நாங்க மௌத்தாக முந்தியே அளவெடுத்தீப்பாய்!" என்றார் ஒரு கிழவர்.

நபீல் எழும்பினான். "ஏழை இந்த ஜெக்கட்டப் போட்டுட்டு என்ன செய்ற? அவனும் விக்கத் தானே போறான்?" என்று கத்தினான். திரைப்பக்கம் திரும்பி, "நானா போன பொறகு எனக்கு இந்த வீட்டுல ஆரும் இல்ல" என்றான்.

"முந்தியும் இல்ல" என்றது திரை.

அந்தக் கூட்டம் அப்படியே டவுனுக்கு இறங்கியது. கடையைத் திறக்க வைத்து, ஆளுக்காள் தங்கள் மௌத்தானவர்களின் உடுப்பைக் கழற்றி எடுத்தார்கள். ஏழைகளுக்குக் கொடுக்கத்தான் எடுக்கிறோம் என்று சத்தம் போட்டு எடுத்தார்கள். ஒரு மாதம் போகவில்லை, ஹாஜியாரின் மகனே புலிப் பொத்தான் கோட்டை பைக் ஓடுகிற ஒருவனுக்கு விற்றுவிட்டான். அந்தக் கதையை ருக்கியாவிடம் வந்து சொன்னபோது, "நபீல் ஒரு ஆள் மட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

கடையிலிருந்து மீட்டு வந்த பாரூக்கின் ஜெக்கட்டை யுகேஷ் கையில் வாங்க மறுத்தான்.

"எனக்காக இம்புட்டுச் சண்டை வேணாங்கம்மா. அவங்க சொந்தக்காரங்க, அவங்களே வச்சிக்கட்டும்."

"இது ஒனக்கான சண்ட இல்ல. போட்டுட்டுப் போ" என்றாள் ருக்கியா, திரைக்குள்ளிருந்தே.

போட்டுக்கொண்டு போனான்.

நபீலின் கடையை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த மௌத்து வீட்டிலும் அவனுக்குப் பை நிறையவில்லை. சந்தூக்கில் கை வைக்கவும் விடமாட்டார்கள். இத்தா முடிந்த கிழமை ஸலாம் சொல்லி ஆள் அனுப்பினான். ருக்கியா பதில் ஸலாம் மட்டும் சொன்னாள், வரச்சொல்லவில்லை. ருக்கியாவின் பேத்தி கலியாணத்துக்கு மடவளையில் எல்லா வீட்டுக்கும் அழைப்புப் போனது, அவனுக்குப் போகவில்லை.

சரக்கு வராத கடையை மூடிவிட்டு நபீல் இப்போது மாத்தளையில், மகள் பஸ்னாவின் வீட்டில் இருக்கிறான்.