சுபஹுக் கூட்டம்

மூன்றாம் ஆண்டுக்கு இஸ்லாம் பாடம் எடுப்பது, ஒரே அடுப்பில் முப்பது பேருக்கு முப்பது கறி வைக்கிற வேலை. ஒரு பிள்ளை குர்ஆனில் பாதி தாண்டியிருக்கும். பக்கத்துப் பிள்ளை அரபியின் முதல் எழுத்தான அலிஃபைப் படுக்கப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவளாயிற்றே! பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். யாருடைய மனமும் நோகக்கூடாதென்று தொழுகைகளின் பெயரை வைத்தேன். எழுத்துக் கூட்டுகிறவர்கள் விடியற்காலைத் தொழுகையான சுபஹு, தட்டுத்தடுமாறி ஓதுகிறவர்கள் மஃரிப், சரளமாக ஓதுகிறவர்கள் இஷா. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு கிழமைதான். அலிஃபைப் படுக்கப் போடும் அந்தப் பிள்ளை சுபஹுக் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. அவளுடைய வாப்பா ஏறாவூரில், வாவிப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிறவர். சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "காலையில ஒரே அழுகை டீச்சர். ஸ்கூலுக்குப் போகமாட்டாவாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் இவளுக்கு என்ன குறை?

"என்ன மகள், ஏன் அழுதீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "சுபஹு ரெண்டு ரக்அத்து. மஃரிப் மூணு. இஷா நாலு. எங்களுக்குக் கொஞ்சம்தான் ஏலும் எண்டுதானே டீச்சர் அப்பிடி வெச்ச?"

என் மூக்கு நன்றாக உடைந்தது. சத்தியமாக நான் அப்படி எண்ணவே இல்லை. ஆனால் பிள்ளை எண்ணிய தொழுகைச் சுற்றுக் கணக்கில் ஒரு பிழையும் இல்லையே! வெட்கத்தை மறைக்க வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி போட்டேன்.

"அஞ்சு பாங்கில எதில ஒரு வசனம் கூட?"

இஷாக் கூட்டம் முழித்தது. அவள் மட்டும் தலையை நிமிர்த்தினாள். தகப்பனின் இராகத்திலேயே, "அஸ்ஸலாத்து ஹைரும் மினன் நவ்ம்" என்றாள். உச்சரிப்பில் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"நித்திரையை விடத் தொழுகை மேல். சுபஹுக்கு மட்டும்தான் டீச்சர்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணால் படிக்கிற பிள்ளைகளை மட்டுமே நான் அளந்திருக்கிறேன். இவள் காதால் படிக்கிறவள். அன்று அவளுக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, குர்ஆனில் அவளுக்குப் புதிதான ஓர் அத்தியாயத்தை நான் ஓத, அவளைத் திருப்பி ஓதச் சொன்னேன். பாதி வரைக்கும் வந்துவிட்டாள். எழுத்தை அதன் பின்னால் மெல்லக் காட்டலாம்.

மறுநாள் நான் போனபோது வகுப்பறை இன்னும் திறக்கவில்லை. வாசலில் அவள் புத்தகப் பையோடு நின்றாள். வாப்பா சைக்கிளைப் பிடித்தபடி கொட்டாவி விட்டார்.

"என்ன செய்யிற டீச்சர்? சுபஹு தொழுத கையோட வெளிக்கிட்டுட்டா."