ஏழு பி வகுப்பின் கதவைத் தட்டியவள்

அன்று நான் அனுப்பிய செய்திகளை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. நேரத்தோடு அப்படியே இருக்கின்றன. கற்பனை என்று சொல்கிறவர்களிடம் காட்டத்தான் வைத்திருக்கிறேன். இது நடந்தது பட்டப்பகலில். என்னைச் சுற்றி இருபத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள்.

என் பெயர் அஜிதா. ஊர் குழித்துறை. கேரளத்தில், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் பள்ளியில் போலீஸ் ஒரு மாக் டிரில் நடத்தியது. துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற ஒத்திகை. துப்பாக்கிக்காரனாக நடிக்க வந்தவர் பூதலிங்கம் என்ற போலீஸ்காரர். பாறசாலைக்காரர், வீட்டில் தமிழ்தான். முந்தின நாளே டீச்சர்களையெல்லாம் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார்.

சைரன் கேட்டதும் கதவைத் தாழிட வேண்டும். லைட்டையும் ஃபேனையும் அணைக்க வேண்டும். பிள்ளைகள் சுவரோரமாகத் தரையில் உட்கார வேண்டும். மைக்கில் ஹெச்.எம். சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

"யாரு வந்து தட்டினாலும் தொறக்கப்பிடாது, கேட்டியளா?" என்று எனக்காகத் தமிழிலும் சொன்னார். "வெளிய ஒரு பிள்ளை நின்னு அழுதாலும் தொறக்கப்பிடாது. அந்த ஒண்ணுக்காகத் தொறந்தா உள்ள இருக்கிய அத்தனையும் போச்சு."

மற்ற டீச்சர்களோடு சேர்ந்து நானும் தலையை ஆட்டினேன்.

காலை 10:40. சைரன் ஒலித்தது. நான் ஏழு பி வகுப்பில் இருந்தேன். பழைய கட்டடத்தில் கடைசி அறை. தாழிட்டேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியைச் சார்ட் பேப்பரால் மூடினேன். லைட், ஃபேன் எல்லாம் அணைத்தேன். பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்துத் தலையெண்ணினேன். இருபத்தொன்பது. வருகைப் பதிவிலும் இருபத்தொன்பது. முதலில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தூரத்தில் 'டப்... டப்...' என்று போலித் துப்பாக்கி வெடித்ததும் சிரிப்பு நின்றது.

10:47. கதவு தட்டப்பட்டது.

டொக். டொக். டொக்.

மெதுவாக. கதவின் கீழ்ப்பாதியில். ஏழாம் வகுப்புப் பிள்ளை தட்டினால் இன்னும் மேலே கேட்டிருக்க வேண்டும். இது ஏதோ சின்னப் பிள்ளை...

"டீச்சர்... கதவத் தொறங்க."

தமிழ். இந்தப் பள்ளியில் பிள்ளைகள் மலையாளம் பேசுவார்கள், இங்கிலீஷ் பேசுவார்கள். என்னிடம் தமிழில் பேசிய பிள்ளை அதுவரை ஒன்றுகூட இல்லை.

"டீச்சர்... நான் வெளிய நிக்கேன்."

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். முன்னால் உட்கார்ந்திருந்த நவநீத் என் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சரே, அது ஆரா?"

உதட்டில் விரல் வைத்தேன். டீச்சர்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். 'ஏழு பி வாசலில் ஒரு குழந்தை நிற்கிறது. யார் வகுப்பு?'

அப்போது நேரம் 10:52. அடுத்த நிமிடமே ஹெச்.எம். பதில் வந்தது. 'எல்லா வகுப்பிலும் எண்ணிக்கை சரி. யாரும் வெளியே இல்லை. திறக்க வேண்டாம்.'

டொக். டொக்.

நான் தவழ்ந்து கதவருகே போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. 'உம்ம்ம்...' என்று ஒரே சீரான இரைச்சல். ஃபேன் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது.

கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அதில் இரண்டு கால்கள். ஒன்றில் ரப்பர் செருப்பு. மற்றது வெறுங்கால். எங்கள் பள்ளியில் ஷூ இல்லாமல் யாரையும் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

விதியை மீறி வாயைத் திறந்தேன்.

"எந்த கிளாஸ்ம்மா நீ?"

"இந்த கிளாஸ்தான், டீச்சர்."

திரும்பி மறுபடியும் எண்ணினேன். இருபத்தொன்பது...

ஆர்ஷா என்ற பெண் விசும்ப ஆரம்பித்தாள். "தொறந்து கொடுக்கு டீச்சரே... ப்ளீஸ்..."

என் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. தாழ்ப்பாள் அதிர்ந்தது. வெளியிலிருந்து யாரோ உலுக்குகிறார்கள்.

இரைச்சல் கூடியது.

"டீச்சர்... கிட்ட வந்துட்டு."

பூட்ஸ் சத்தம். நடைபாதையில். நெருங்கி வந்தது.

"டீச்சர், வந்துட்டு... வந்துட்டு..."

டொக் டொக் டொக் டொக்...

நான் திறக்கவில்லை.

இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பூட்ஸ் சத்தம் கதவுக்கு முன்னால் நின்றது.

எல்லாம் நின்றது.

10:58.

11:06க்கு மைக்கில் ஹெச்.எம். குரல் வந்தது. டிரில் முடிந்தது. கதவைத் திறந்தேன். நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் வரிசையாக வெளியே போனார்கள். ஆர்ஷா மட்டும் வாசலைத் தாண்டாமல் நின்றாள். கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருந்தது.

மைதானத்தில் பூதலிங்கம் என்னைத் தேடி வந்தார்.

"டீச்சரே, நீங்கதான் சரியாச் செஞ்சிய. அந்தப் பிள்ளை அந்த அழுகை அழுதும் தொறக்கல்லியே." கொஞ்சம் தயங்கினார். "ஆனா பிள்ளைய வெளிய நிறுத்தப் போறோம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்துல போனதும் எனக்கே பயமாயிட்டு."

"நீங்க பாத்தீங்களா?"

"பின்ன? கதவோட ஒட்டி நின்னுது. திரும்பி ஒரு பார்வை பாத்துது. மூஞ்சியில எதுக்கு அப்படி ஒரு மேக்கப்பு? கண்ணே தெரியாம வீங்கின மாதிரி..."

பழைய கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கை கழுவுகிற இடத்தில் ஷைலஜா தனியாக நின்றிருந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே ஆயா வேலை பார்ப்பவள். மலையாளி, தமிழ் கலந்து பேசுவாள். நடந்ததைச் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

"அதைப் பத்தி இங்க ஆரும் பறய மாட்டாங்க, மோளே," என்றாள். "ஞான் வேலைக்கு வந்த புதுசு. அந்த ரூம் அப்போ நாலாம் கிளாஸ். மாடி கட்டுற வேலைக்குத் தமிழ்நாட்டுலேருந்து ஆளுங்க வந்திருந்தாங்க. அதுல ஒருத்தரோட பொண்ணு. சுடலைமாடத்தின்னு பேரு. ஃபீஸ் வாங்காம கிளாஸ்ல உக்கார வச்சாங்க."

ஒரு நாள் அந்தப் பெண் பாத்ரூம் போயிருந்த நேரம், பின்னால் நின்ற மரத்தில் பருந்து ஒன்று கடந்தல் கூட்டைக் கொத்திவிட்டது. கடந்தல் என்றால் பெரிய குளவி. கூட்டம் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. எல்லா வகுப்பிலும் கதவை அடைத்தார்கள். அவள் வெளியே மாட்டிக்கொண்டாள்.

"உள்ள முப்பத்தஞ்சு குட்டிகள். தொறக்காதேன்னு டீச்சர் கத்தினாங்க." ஷைலஜா தன் கைகளையே பார்த்தாள். "தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டு நின்னது ஞான்தான்."

எவ்வளவு நேரம் தட்டினாள் என்று கேட்டேன்.

"கடந்தல் போனதும் தொறந்தோம். உயிர் இருந்துச்சு. வாட்ச்மேன் தூக்கிட்டு ஓடினான். ஜீப்பில ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு விட்டாங்க. பாதி வழியில போயிட்டா. ஞான் மத்த குட்டிகளை உக்கார வைக்க உள்ள வந்தேன். பயந்துட்டு நின்ன ஒரு குட்டி கதவை மறுபடியும் சாத்திடுச்சு."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜீப்பு கேட்டைத் தாண்டிப் போயாச்சு, மோளே. ஞானே ஜன்னல் வழியாக் கண்டேன். அப்பவும் கதவைத் தட்டிட்டுதான் இருந்துச்சு."