அரோராவும் ஆறு ஜோடி கன்னங்களும்

போன சனிக்கிழமை எங்கள் தெருவில் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற விருந்து. எதிர்வீட்டு கீதா என் மனைவி வசந்தியிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு வந்த பதிலில் மொத்த ஹாலும் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு தேதி. தேதி இல்லாமல் நான் எதையாவது ஆரம்பித்திருக்கிறேனா என்ன?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அட்சய திருதியை. வசந்தி கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி கம்மல் வாங்கினாள். எங்கள் ஊரான ஆலனுக்குத் திரும்பியதும் போன்களை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம். அன்று ராத்திரிதான், எங்கேயோ வட துருவத்தில் ஆடவேண்டிய அரோரா என்கிற துருவ ஒளி, டெக்சஸ் வரை இறங்கி வந்து எங்கள் ஊர் வானத்தில் ரோஸ் கலரில் ஆடிவிட்டுப் போனது.

காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப் முழுக்க ரோஸ் வானம்!

“ரெண்டு தடவை கால் பண்ணேன்க்கா... நீங்கதான் எடுக்கல” என்றாள் கீதா. அன்று தொடங்கி ஒவ்வொரு பாட்லக்கிலும் இதே வசனம். புதிதாகக் குடிவந்தவர்களிடம்கூட, “வசந்தி அக்கா மட்டும்தான் பார்க்கல” என்றே அறிமுகம்.

வசந்தி சபதம் போட்டாள். “இனிமே யார் போட்டோவையும் பார்க்க மாட்டேன். என் கண்ணால பார்த்துட்டுத்தான் மறுவேலை.”

ஆகவே அலாஸ்கா. ஒரு வேன், மூன்று ஜோடிகள், ஹேலி என்கிற துறுதுறுப்பான கைடு. வானம் இருட்டாக இருக்க வேண்டுமே என்று அமாவாசையை ஒட்டி நாள் குறித்திருந்தேன். ஹேலி அசந்துபோனாள். “எந்த ஆப்?” என்று கேட்டாள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருக்கும் இந்தியன் ஸ்டோர் காலண்டரை அவளுக்கு எப்படி விளக்குவது?

முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் வேனில் வரும்போது வசந்தி, “பச்சை! பச்சை!” என்று அலறினாள். ஹேலி பிரேக் போட்டாள். ஆறு பேரும் இறங்கிப் பார்த்தோம்... பெட்ரோல் பங்க் போர்டு.

மூன்றாம் நாள்தான் கடைசி. மறுநாள் காலை ஃபிளைட். சாயங்காலம் மரக்கேபினில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். வசந்தி மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“இப்பவும் பார்க்காம போனா, கீதா மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். குரல் சிரிக்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது. “அவுட்! எவ்ரிபடி அவுட்!” என்றாள் ஹேலி.

வெளியே போவது அங்கே லேசுப்பட்ட காரியமா? தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் ஜாக்கெட்... உற்சவருக்கு அலங்காரம் செய்வதுபோல ஒருவரையொருவர் சுற்றிக் கட்டிக்கொண்டோம். அவசரத்தில் வசந்தியின் இடது காலில் என் பூட்ஸ்.

மேலே பார்த்தால்... சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

“இதுவா? சாம்பிராணிப் புகை மாதிரின்னா இருக்கு!”

இத்தனை தூரம் வந்தது இதற்கா?

அந்தப் புகையின் ஓரம் மெல்லப் பச்சையானது. அடுத்த நொடி, சன்னதித் திரையைச் சரேலென்று இழுத்ததுபோல வானம் திறந்துகொண்டது. கிளிப்பச்சை! கீழ் ஓரத்தில் ரோஸ். நெளிந்தது, சுருண்டது, எங்கள் தலைக்கு மேல் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. பனியே பச்சையாகிவிட்டது!

“முருகா!” என்றாள் வசந்தி. தலையணை கனத்துக்குக் கையுறை மாட்டிய இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொத், பொத். எத்தனை மைல் தாண்டிப் போனாலும், பெரிதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் கை தனக்குத் தெரிந்ததைத்தானே செய்யும்? என் கையும் செய்தது.

ஹேலி பார்த்தாள். “குட் ஐடியா! கன்னம் உறையாமல் இருக்கும். எல்லாரும் செய்யுங்கள்!” என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

எல்லாரும் செய்தார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ரிட்டயர்டு பல் டாக்டர் மட்டும் முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். “முதலில் ரைட்டா, லெஃப்டா?”

வசந்தி வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போத்! போத்!”

பொத், பொத், பொத்.

போட்டோ? எடுக்கத் தோன்றவே இல்லை. எதற்கும் நேரம் குறித்து வைக்கிற நான், அன்று எத்தனை மணி என்றுகூடப் பார்க்கவில்லை. ஹேலி எடுத்து அனுப்பிய ஒரே ஒரு படம்தான் எங்களிடம் இருக்கிறது. மேலே பச்சை வானம், கீழே வரிசையாக ஆறு பேர்.

போன சனிக்கிழமை அதைத்தான் கீதா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அரோரா சூப்பர்க்கா. ஆனா அந்த வெள்ளைக்கார தாத்தா வரைக்கும் ஏன் எல்லாரும் கன்னத்துல போட்டுக்கறாங்க? அப்படி என்ன தப்பு பண்ணீங்க?”

வசந்தி அட்சய திருதியைக் கம்மல் ஆடத் திரும்பினாள்.

“மே பத்தாம் தேதி தூங்கிட்டோம்ல... அதுக்கு!”